ஆறு நாள் குளிசை

நேர்த்தி வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் என்னைத் தோண்டித் தோண்டிக் கேட்கக்கூடாது.

புரட்டாதி மாதம் என் மனுசன் முத்துக்குமாரு, படகைக் கரைக்கு இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத்துக்கு இரத்தம் போகிற குழாய் ஒன்று அடைத்துவிட்டது என்று சொல்லி, அதற்குள் சின்னக் கம்பிவலை ஒன்றை வைத்தார்கள். உள்ளே அது நடந்துகொண்டிருக்க, வெளியே நீள மர வாங்கில் குந்தியிருந்தேன். "முருகா, இந்த மனுசனைத் திருப்பித் தா. வாற கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இவர் உன்ரை கோயிலிலை கிடந்து உபவாசம் இருப்பார்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. நான் வைத்த நேர்த்திக்கு இவருடைய வயிறு பிணை நின்றது. இவரைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவரும் இல்லை.

முருகன் திருப்பித் தந்துவிட்டார். வீட்டுக்கு விடுகிற நாளில் கிளினிக் நேர்ஸ் சுபாஜினி எங்கள் இரண்டு பேரையும் முன்னால் இருத்தி, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தன் தொலைபேசி இலக்கத்தையும் எழுதித் தந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் கதைக்கிற கதையில் தலைமை வாத்தியார் தோற்றுப்போவார்.

"முதலாவது வந்திட்டுது அம்மா, அதை இனி ஒண்டும் செய்யேலாது. ரெண்டாவதை வரவிடாமல் பாக்கிறதுதான் இனி எங்கடை வேலை. இந்த ரெண்டு குளிசையும் அந்த வலைக்குள்ளை இரத்தம் கட்டிபடாமல் காவல் நிக்குது. ஒரு நாளும் விடக்கூடாது."

நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். நேர்த்தியைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அவள் வேண்டாம் என்று சொன்னால் நான் முருகனுக்கு என்ன பதில் சொல்வது? டொக்டரை ஏமாற்றலாம், அவரை ஏமாற்ற முடியுமா? ஆஸ்பத்திரிக்கும் பயம், சாமிக்கும் பயம். இரண்டு பயத்தையும் ஒரே சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த கிழமையே இவர் ஒருநாள் வெறும் வயிற்றில் குளிசைகளைப் போட்டுவிட்டு வயிறு எரியுது என்று புரண்டார். நான் விட்டேனா? குளிசை உறையில் சாப்பாட்டுக்குப் பின் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது, கண் பொட்டையா என்று கேட்டேன். சாப்பிடாமல் இனி ஒரு குளிசையில் கை வைத்தால் என்னை மனுசி என்று கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து இவர் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் குளிசை உறையைத் தொடுவார். அவ்வளவு ஒழுங்கு. எனக்கும் பெருமைதான்.

ஐப்பசி பிறந்தது, கந்தசஷ்டியும் வந்தது. எங்கள் ஊர் முருகன் கோயில் மடத்தில் ஆறு நாளும் தங்கி விரதம் இருக்கிறவர்கள் வருடா வருடம் ஐம்பது அறுபது பேர் வருவார்கள். காலையில் தீர்த்தம், பின்நேரம் ஒரு பேணி பால், அதோடு சரி. அவர்களில் கனபேர் மௌனவிரதமும் பிடிப்பார்கள்; போதாக்குறைக்கு இவரும் அதைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு சொல் கதைக்கிற மனுசன் மௌனவிரதம் பிடித்தால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்று நான் பகிடியும் விட்டேன்.

ஆறு நாள் குளிசையையும் ஆறு கடதாசிப் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றிலும் நாள் எழுதி, வேட்டி சால்வைகளோடு பையில் வைத்துக் கொடுத்தேன். கைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு நாளும் மத்தியானப் பூசைக்கு நான் போவேன். பெண்கள் பக்கத்தில் இருந்தபடி எட்டிப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன்.

ஐந்தாம் நாள் காலையில் மாற்று வேட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஊத்தை உடுப்புகளைப் பையோடு எடுத்துவந்தேன். கிணற்றடியில் பையைக் கவிழ்த்தேன். சால்வை விழுந்தது, வேட்டிகள் விழுந்தன, பிறகு பொட்டலங்கள் விழுந்தன. ஆறும் விழுந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சாப்பாட்டுக்குப் பின் குளிசை. சாப்பாடு இல்லை. ஆகவே குளிசையும் இல்லை. நான் படிப்பித்த பாடத்தை அந்த மனுசன் அச்சொட்டாகப் பிடித்திருக்கிறார். அந்தச் சின்ன வலை ஐந்து நாளாகக் காவல் இல்லாமல் கிடக்கிறது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

சுபாஜினிக்குப் போன் எடுத்தேன். அவள் ஏசவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உடனே அவரிடம் போகச் சொன்னாள். நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ நோவு இருக்கிறதா, வியர்க்கிறதா என்று கேட்கச் சொன்னாள். ஒன்று இருந்தாலும் அவரை நடக்க விடாமல் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள். இல்லாவிட்டாலும் ஓட்டோவில் ஏற்றி இன்றைக்கே கொண்டுவர வேண்டும் என்றாள்.

பக்கத்து வீட்டுச் சிவரூபன் தன் ஓட்டோவில் என்னை ஏற்றினான். ஐந்து நிமிடப் பாதைதான். அந்த ஐந்து நிமிடமும் அவர் ஏற்கெனவே செத்துப்போய்விட்டார், மடத்தில் உள்ளவர்கள் தியானத்தில் இருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டார்கள் என்றே எனக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஐம்பது பேருக்கு நடுவில் ஒருவர் செத்தால் யாருக்குத் தெரியும்?

அவர் சுவரோடு சாய்ந்து இருந்தார். உயிர் இருந்தது. மழை பெய்து ஓய்ந்த குளிர், மற்றவர்கள் எல்லாம் போர்த்திக்கொண்டு இருக்க, இவருடைய நெற்றியிலிருந்து திருநீறு கரைந்து வழிந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் என்றும் பாராமல் போய் முன்னால் குந்தினேன். நெஞ்சு நோகுதா என்று கேட்டேன். சன்னிதிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். பக்கத்துப் பாயில் இருந்த கனகசபாபதி அண்ணை, அவர் கடலுக்குப் போன காலத்திலிருந்தே இவருக்குக் கூட்டாளி, ஒரு பேனையை நீட்டினார். எழுதிக் காட்டும்படி கெஞ்சினேன். அதற்கும் தலையாட்டல்தான்.

முப்பத்திநாலு வருடம் இந்த மனுசனோடு குடும்பம் நடத்துகிறேன். முகத்தைப் பார்த்தால் மனசு தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நோவா, பசிக் களையா, பக்தியா? அவர் சொன்னால்தான் உண்டு. சொல்லக்கூடாது என்று அவர் முருகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"இஞ்சேருங்கோ," என்றேன். அழுகையில் குரல் கிழிந்தது. "நேர்த்தி வைச்சது நான். அதை இப்ப முறிக்கிறதும் நான்தான். பாவம் வந்தால் என்ரை தலையிலை வரட்டும். வாயைத் திறந்து கதையுங்கோ."

அவர் சன்னிதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐந்து நாள் கதைக்காத தொண்டை, சத்தம் கரகரத்து வந்தது.

"முந்தநாள் துவக்கம் நோகுது."

"ஏன் சொல்லேல்லை?"

"இடையிலை விட்டால், நேர்த்தி வைச்ச உனக்கு ஏதும் வந்திடுமெண்டு பயந்தன்."

எனக்கு அந்த இடத்திலேயே அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. போனில் 1990 ஐ அமுக்கினேன். அம்புலன்ஸ் வரும்வரை அவரை அசையவிடாமல் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வலைக்குள் இரத்தம் கட்டிபடத் தொடங்கியிருந்தது என்றார் டொக்டர். குழாய் முழுதாக அடைக்கவில்லை. திரும்பவும் உள்ளே கொண்டுபோய் அதைத் திறந்தார்கள். இன்னும் சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இந்தத் தடவை நான் வாங்கில் இருந்து எந்த நேர்த்தியும் வைக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தேன்.

சுபாஜினி கடமை முடிந்து வந்து பக்கத்தில் இருந்தாள். குளிசையை அந்தப் பாலோடு போட்டிருக்கலாமே, இல்லாவிட்டால் விரதம் என்று ஒரு சொல் முன்னமே சொல்லியிருந்தால் டொக்டரிடம் கேட்டு ஒரு வழி பார்த்திருக்கலாமே என்றாள். நீங்கள் தடுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். சஷ்டி வருகிறது என்று தெரிந்தும் தானும் கேட்கவில்லை என்றாள் அவள். அவளுடைய தகப்பனும் எங்கோ ஒரு கோயிலில் விரதம் இருக்கிறாராம். அவர் குளிசை போடுகிறாரா என்று கேட்டீர்களா பிள்ளை என்று நான் கேட்டேன். உடனே எழும்பி வெளியே போய்ப் போன் எடுத்தாள்.

அடுத்த நாள் சூரன்போர். இவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார், பேசினார், என்னைப் பார்த்துச் சிரித்தும் விட்டார். சாப்பிட்டுவிட்டு அவர் குளிசை விழுங்குவதைத் தொண்டைக்குழி அசையும்வரை நின்று பார்த்தேன். மடத்தில் விட்டுவந்த பாயையும் போர்வையையும் எடுக்கவென்று மத்தியானம் கோயிலுக்குப் போனேன்.

மடம் நிரம்பியிருந்தது. கடைசி நாள், எல்லோரும் களைத்துப்போய் இருந்தார்கள். என்னைக் கண்டதும் கனகசபாபதி அண்ணை, என்னமாதிரி என்று கையால் கேட்டார். அவருக்கும் மௌனம். பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலங்கள், வலை, கட்டிபட்ட இரத்தம், சில மணித்தியாலம். கேட்டுவிட்டு அவர் மெதுவாகத் தன் பையை இழுத்து, அடியிலிருந்து ஒரு கிளினிக் கொப்பியை எடுத்தார். அதற்குள் குளிசை உறைகள் இருந்தன. எதுவும் உடைக்கப்படவில்லை.

அப்போது பிடித்த பயம் முந்தின நாள் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அன்று எனக்கு ஒரு மனுசனைப் பற்றித்தான் பயம். எழும்பி நின்றேன்.

"விரதமெண்டு குளிசையை விட்டவை ஆர் ஆர் இருக்கிறியள்? ஒருத்தரும் கதைக்க வேண்டாம். கையை மட்டும் உயர்த்துங்கோ."

முதலில் கனகசபாபதி அண்ணையின் கை உயர்ந்தது. தூணோரத்தில் இன்னொரு கை. பெண்கள் பக்கத்தில் இரண்டு. நான் சுபாஜினிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, ஆரையாவது கூட்டிக்கொண்டு நீங்கள் உடனை எங்கடை கோயிலுக்கு வரவேணும். நானே எல்லாரையும் குளிசை போடச் சொல்லலாமோ?"

வேண்டாம் என்றாள். சீனி வருத்தக் குளிசையைப் பட்டினியோடு போட்டால் அதுவே ஆளை விழுத்திவிடும், தான் வந்து ஒவ்வொருவராகப் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு, எத்தனை பேர் என்று கேட்டாள்.

நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்பதுக்கு வந்து பிழைவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். வெளியே சூரன்போருக்கு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுபாஜினி போனில் திரும்பவும் எத்தனை பேர் அம்மா என்று கேட்டாள். பின்வரிசையில் இன்னும் கைகள் உயர்ந்துகொண்டிருந்தன.