கூடுதல் இரண்டு நாள்

கல்லறைத் திருநாள் பூசைக்காக, இறந்துபோனவர்களின் பெயர்களைக் கோவிலில் கொடுத்த காணிக்கை உறைமேல் எழுதிக்கொண்டிருந்தேன். மகள் எவ்லின் கைப்பேசியில் எதையோ படித்தாள்.

"அப்பா, கம்யூனிஸ்ட்காரங்களோட நம்ம மலேசிய ஆர்மி இருபத்தோரு வருஷம் சண்ட போட்டுச்சாம்."

"இருபத்தோரு வருஷமும் ரெண்டு நாளும்லா!" அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"இதுல அப்படிப் போடலியே."

எப்படிப் போடுவார்கள்? அந்த ஆர்மியில் நானும் இருந்தேன்; காட்டில் எங்கள் குழுவின் வயர்லெஸ் என் பொறுப்பு. பேட்டரியை மிச்சம் பிடிக்க அணைத்து வைத்திருந்தேன். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான செய்தி எங்களை எட்டவில்லை. இரண்டு நாள் கழித்து, ஓடையில் குனிந்திருந்த ஒருவனைச் சுட்டேன். அவன் கையில் துப்பாக்கி இல்லை.

உறையில் அப்பா, அம்மா பெயர்களுக்குக் கீழே, பெயர் தெரியாததால், வருடாவருடம் எழுதுவதையே எழுதினேன்: 'அரிசி களைந்துகொண்டிருந்தவர்.'