முதுகில் ஒட்டும் கம்பி

நெஞ்சின் இடப்பக்கம் அம்மியைத் தூக்கி வைத்ததுபோல் வலி. மாடக்கண்ணு நெல் மூட்டையை இறக்கிவிட்டு லாரிச் சக்கரத்தில் சாய்ந்தான். சில நாட்களாகவே இதே பாடு.

ஆலை முதலாளி அனுப்பிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தாயிற்று. டாக்டர் சித்ரலேகாவுக்குத் திருப்தியில்லை. "வெக்டர் கார்டியோகிராம் எடுக்கணும். இதயத்துல மின்சாரம் எந்தத் திசையில ஓடுதுன்னு முன்னும் பின்னுமா காட்டும். முதுகுலயும் கம்பி ஒட்டுவோம்" என்றார்.

அங்கேதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

"நெஞ்சு வலிக்கு முதுகுல என்னவே சோலி?" என்றான், கூட மூட்டை தூக்கும் நேசையாவிடம். "எனக்குச் சீக்குன்னு எழுதி வெளிய தள்ளப் பாக்காவ. முதலாளி சொல்லிக்குடுத்த வேலை."

"ஒமக்குக் கிறுக்குவே."

"எம் பேருல நீரு போயிப் படும். கல்லு மாதிரி இருக்கீரு. நல்லாருக்குன்னு எழுதிருவாவ."

லோடுமேன்களுக்கு இது பழக்கம்தான். ஒருத்தனுக்கு முடியாவிட்டால் அவன் பெயரில் இன்னொருத்தன் மாத்தாளாக நிற்பான். நேசையா அவன் சீட்டோடு போய்ப் படுத்தான். கம்பி ஒட்டிய பெண் பெயரை மட்டும்தான் கேட்டாள்.

முடிவு வாங்க மாடக்கண்ணுவே போனான். சித்ரலேகா படத்தைக் காட்டினார். ஒரு வளையம். ஒரு பக்கம் எலி கடித்ததுபோல் இருந்தது.

"மின்சாரம் கிளம்புன இடத்துக்கே சுத்தி வரணும். செத்த சதை இருந்தா ஒதுங்கிப் போகும். இதயத்தோட அடிச்சுவர்ல பழைய அடி இருக்கு அண்ணாச்சி. தெரியாமலே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு. இனி மூட்டை தொடக் கூடாது."

முதலாளி சொன்னபடியே எழுதிவிட்டாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதலாளிகிட்ட எப்பக் குடுப்பிய?"

"அவருக்கு எதுக்கு? உங்களத் தவிர யாருக்கும் குடுக்க மாட்டேன்."

மாடக்கண்ணு படத்தையே பார்த்தான். "டாக்டரம்மா, மெஷின் பேரைப் பாத்தா வரையுது?"

அவர் சிரித்தார். "அதுக்குப் பேரெல்லாம் தெரியாது. படுத்த ஆளோட இதயத்தத்தான் வரையும்."

படுத்தவன் நேசையா.

ஆலைக்கு ஓடினான். நேசையா மூட்டையோடு லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறிக்கொண்டிருந்தான்.

"என்னவே, நான் பாஸா?"

"இறக்கும்வே அத."

"எதுக்கு?"

சொன்னால் அவன் பிழைப்பும் போகும். மாடக்கண்ணு மூட்டையைத் தன் முதுகுக்கு மாற்றிக்கொண்டான். வலி விலாவைச் சுற்றிப் பிடித்தது.

"இன்னைக்கு என்ன கரிசனம் பொங்குது?" என்று நேசையா அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.

அந்த இதயம் உம்முடையது என்ற ஒற்றைப் பேச்சு மாடக்கண்ணு அவனுக்குத் தரவேண்டிய கடன். அது இன்னும் பாக்கி.