பத்தாத துணியில் தைத்த பிடிதுணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை. கழுத்தில் இஞ்ச் டேப்போடு என் வீட்டுக்கே நடந்து வந்தது.

"சார், மாதா கோயில் திருவிழாவுல எங்கிட்ட ஒரு பிடிதுணி வாங்குனீங்களே, மயில்கழுத்துக் கலருல. அத மணிமேகலை அக்காவுக்குக் குடுத்துட்டதா உங்க வூட்டம்மா சொன்னாங்க. நெசமா?"

கேட்டது லூர்துமேரி. பாலக்கோட்டில் லேடீஸ் டெய்லர். மிஞ்சிய துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பழைய துண்டை இரண்டு மடிப்பாக வைத்து, கட்டம் கட்டமாகப் பிடிதுணி தைத்துவிடுவார். கொதிக்கிற குக்கரையும் கை சுடாமல் இறக்கலாம்.

"ஆமா. மாரண்டஹள்ளியில அவங்க கிரகப்பிரவேசத்துக்கு, ஒரு குண்டானோட சேத்து."

லூர்துமேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக வாரப் பத்திரிகைகளில் கொலை எழுதுகிறேன். ஒரு முகத்தில் இவ்வளவு திகிலை நான் எழுதியதில்லை.

2

முதல் தொடக்கம்: 'சமையலறை ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக—'

(சாம்பார். வேறென்ன சொட்டும்? அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'லூர்துமேரி ஒரு பொய் சொன்னார்.' பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

மணிமேகலை என் மனைவியின் சிநேகிதி. மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். முழங்கை வரை கை வேண்டும். லூர்துமேரி துணியைத் தப்பாக மடித்து வெட்டியதில் இரண்டும் இடது கையாகிவிட்டன. (டெய்லர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். மற்றவர்கள் கூடவே சிரித்துவையுங்கள்.) இருந்ததை வைத்துக் குட்டைக் கையாகத் தைத்து, "துணி பத்தலீங்க அக்கா, கடைக்காரன் அளவுல ஏமாத்திட்டான்" என்று சொல்லிவிட்டார். மணிமேகலை நேரே ஜவுளிக்கடைக்குப் போய் அந்த மனுஷனை ஒரு மணிநேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மிச்சத் துணியை ஜாக்கெட்டோடு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. பத்தாத துணியில் மிச்சம் ஏது? ஆகவே அது பிடிதுணியானது.

"அவுங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பதினோரு ஜாக்கெட் எனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க சார். துணி இன்னும் கைக்கு வரல. இது மட்டும் தெரிஞ்சுது, அப்புறம் எவ எங்கிட்ட வெட்டக் குடுப்பா? எத்தனை திருட்டு எழுதியிருக்கீங்க! எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க."

3

போனேன். (என் கதாநாயகன் சுவரேறிக் குதிப்பான். நான் காலிங்பெல்லை அழுத்தினேன்.)

கதவைத் திறந்த மணிமேகலையின் கையிலேயே இருந்தது அது.

"வாங்கண்ணா. இப்பத்தான் பாலை இறக்குனேன்."

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம். அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் முதலில் எழுதினேன். நம்ப முடிகிறதா? அந்த நிறத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கியவர். தினம் இரண்டு வேளை அதைக் கையில் பிடிக்கிறவர்.

"பிடிதுணி எப்படி இருக்குதுங்க?"

"சூடே ஏறலீங்கண்ணா. எங்க வாங்குனீங்க?"

"திருவிழாக் கடையில."

"யாரு கடை?"

"கூட்டமா இருந்துது. கவனிக்கல."

"வாரா வாரம் கதை விடறீங்க, ஒரு பொய் சொல்ல வரலையே உங்களுக்கு!"

சொல்லிவிட்டு உள்ளே போனார். பிடிதுணி மேஜைமேல்.

(மாற்று முடிவு: சட்டென்று அதை எடுத்துச் சட்டைக்குள்— செருகிப் பார்த்தேன். தொப்பை இடம் கொடுக்கவில்லை.)

திரும்பி வந்தவர் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே பதினோரு ஜாக்கெட் துணி. மேஜையிலிருந்த பிடிதுணியை எடுத்து, மடிக்காமல், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"லூர்துமேரிகிட்ட குடுத்துடுங்க. அளவு பழசேதான். ஒவ்வொண்ணுலயும் கால் மீட்டர் சேத்தே வாங்கியிருக்கேன், இந்தத் தடவ பத்தும்னு சொல்லுங்க."

சிரித்தாரா என்று கேட்காதீர்கள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

5

இப்போது பாலக்கோடு போகும் பஸ்ஸில் நிற்கிறேன். காலடியில் யாருடையதோ தக்காளிக் கூடை.

பிடிதுணியை எடுத்துவிட்டுப் பையைக் கொடுத்தால், பொய் பலித்துவிட்டது என்ற தெம்பில் லூர்துமேரி பதினொன்றையும் வெட்டுவார். அப்படியே கொடுத்தால் கத்தரி பிடித்த கை நடுங்கும். பட்டு, நடுக்கம் தாங்காது. மணிமேகலை வைத்தது மன்னிப்பா, எச்சரிக்கையா? அவர் சொல்லவில்லை. நான் சொன்னால் அது இன்னொரு பொய்.

(மூன்று முடிவுகள் எழுதி, மூன்றையும் கிழித்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கியாயிற்று.)

நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நானோ ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன். இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்களேன். மேலே இருப்பதை எடுப்பதாக இருந்தால் எடுங்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.