பெருநாளில் பாஸ் கேட்பதில்லை

1

இந்தக் கதை எனக்குத் தேவாலய வாசலில் கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்து காரைத் தேடிக்கொண்டிருந்த என்னை, அதே தேவாலயத்துக்கு வரும் கெர்ட்ரூட் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்க கதை எழுதுறவருதானே? எங்க ஆபீஸ்ல நடந்தத எழுதுங்க லா. முடிவ மட்டும் நல்லதா போடுங்க. கம்பெனி பொழைக்கணும்."

நான் எழுதினால் நடந்துவிடும் என்று நம்புகிற வாசகி இதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

2

முதல் வரி: 'ஈப்போ மலைகளின் மீது மூடுபனி ஒரு—'

[வேண்டாம். மலைக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.]

இன்னொன்று: 'உலகச் சந்தையில் ஒரு சிறிய நாட்டின் தகவல் தொழில்நுட்பத் துறை எதிர்கொள்ளும்—'

[படித்துக் காட்டியபோது என் மனைவி இந்த இடத்தில் தூங்கிவிட்டாள்.]

நேராகவே சொல்கிறேன். ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில், இர்ஃபானா ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறாள். வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் கணினி வேலைகளை வாங்கிச் செய்கிறார்கள். அதே வேலையைப் பெரிய நாடுகள் இன்னும் மலிவாகச் செய்துவிடும். 'எங்களிடம் உங்கள் வாடிக்கையாளரின் விவரம் பத்திரமாக இருக்கும்' என்ற ஒரு வாக்கில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. அந்த வாக்குக்குக் காவல், வரவேற்பு மேசையில் இருக்கும் கெர்ட்ரூட். பாஸ் என்கிற நுழைவு அட்டை இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடக் கூடாது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. அதற்குமுன் சொல்லாமல் ஓர் ஆளை அனுப்பிச் சோதித்துப் பார்க்க நினைத்தது காப்புறுதி நிறுவனம்.

3

அந்த ஆளின் பெயர் டேரன். முதல் பிரதியில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடியும் கோணல் சிரிப்பும் மாட்டிவிட்டேன். கெர்ட்ரூட் ஒத்துக்கொள்ளவில்லை.

"கண்ணாடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோலாலம்பூர்லேர்ந்து பசியோட வந்துருக்காரு. மொகமே வாடிப் போயிருந்துச்சு, பாவம்."

அவர் வந்த அன்று கம்பெனியில் நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு; யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். ரெண்டாங் இறைச்சியின் மணம் மின்தூக்கி வரை வந்தது.

[இதற்கு நம் நாட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. திறந்த இல்லத்துக்கு வந்தவரிடம் 'நீங்கள் யார்' என்று கேட்கக் கூடாது. கேட்டவர் வீட்டுக்கு அடுத்த பெருநாளில் ஈகூட வராது.]

"என்னா அண்ணே கதவுகிட்டயே நிக்கிறீங்க? மாசோக், உள்ள வாங்க. ஆறிப் போவுது."

வேறு நாற்காலி காலியில்லை. ஒரு கணினிக்கு முன்னால் கெர்ட்ரூட் அவரை உட்கார வைத்தாள். திரையில் யாரோ ஒருவரின் மருத்துவ விவரம். இர்ஃபானாவே தட்டு கொண்டுவந்து கொடுத்தாள். டேரன் இன்னொரு முறையும் வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவி, துடைத்து, காப்புறுதி நிறுவனம் கொடுத்த தம் அடையாள அட்டையைக் காட்டினார்.

கெர்ட்ரூட்டின் கரண்டி குழம்புக்குள் போய்விட்டது.

4

முதல் முடிவு: டேரன் மனமுருகி, எல்லாம் பத்திரம் என்று எழுதிவிடுகிறார். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அதைக் கேள்விப்பட்ட இர்ஃபானா போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படி எழுதாதீங்க அங்கிள். ரெண்டாங் குடுத்து ஒப்பந்தம் வாங்குனோம்னு ஆயிரும். சாப்பாடு போட்டது பெருநாளுக்கு. வேலைக்கு இல்ல."

சரிதான். கூலி கேட்கிற அன்பு அன்பில்லை. [இங்கே ஒரு பிரசங்கம் இருந்தது. நீக்கிவிட்டேன். கர்த்தர் மன்னிப்பார், நீங்கள் நன்றி சொல்லலாம்.]

இரண்டாம் முடிவு: வேலை வேறு நாட்டுக்குப் போகிறது. இர்ஃபானா கதவைப் பூட்ட, கெர்ட்ரூட் தன் மேசையிலிருந்த—

[மேலே எழுதக் கை வரவில்லை.]

5

அந்த இரண்டு முடிவுகளும் என் கற்பனை. உண்மையில் நடந்தது இதுதான். மறுநாள் டேரன் மீண்டும் வந்தார், அட்டையைக் காரிலேயே விட்டுவிட்டு.

"அக்கா, நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"தெரியாம? ரெண்டு வாட்டி ரெண்டாங் வாங்குனீங்களே. பாஸ் எங்க?"

"நேத்து கேக்கலையே?"

"நேத்து பெருநாளு. இன்னைக்கி வேலை லா. பாஸ் இல்லன்னா யேசுவே வந்தாலும் படிக்கட்டுலதான்."

சொல்லிவிட்டு அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் மிச்சமிருந்த ரெண்டாங்கைச் சுடவைத்துப் படிக்கட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பிப் போய்க் கதவைப் பூட்டினாள்.

6

காப்புறுதி நிறுவனத்துக்கு டேரன் எழுத வேண்டிய அறிக்கை இன்னும் போகவில்லை. இனி உங்கள் பாடு. படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் டேரன் நீங்கள்தான். மடியில் சூடான தட்டு. அறிக்கையில் கேள்வி ஒன்று: வெளியாள் உள்ளே வர முடியுமா? ஆம், அல்லது இல்லை. 'பெருநாளில் மட்டும்' என்று எழுத இடம் விடவில்லை. பொய் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் என் நிபந்தனை.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து கெர்ட்ரூட் எட்டிப் பார்க்கிறாள். திறக்கவில்லை.

"அண்ணே, தண்ணி வேணுமா?"