உறைந்த பிறகு

என் அக்கா புருஷன் தச்சர். ஐந்து மாதத்துக்கு முன் உளி சறுக்கி அவர் இடது உள்ளங்கை கிழிந்தது. தையல் போட்டார்கள், மறுநாளே கசிந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி வாய் பிளந்தது. "யாருக்கும் தெரியாம பட்டறைக்குப் போறீங்க மாமா, வேற என்ன?" என்று எல்லார் முன்னாலும் அவரைப் பொய்யராக்கியது நான்தான். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் சொன்னால் வீட்டில் எடுபடாதா? அவர் ரத்தத்தை மூன்று முறை நானே சோதித்தேன். ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் உறைந்தது. ரத்தத்தில் கோளாறில்லை என்றால் ஆளிடம்தானே கோளாறு என்று முடிவுகட்டினேன்.

இன்று பதினொரு மணிக்கு அவருக்கு ஆபரேஷன். தொடையில் தோலெடுத்துக் கையில் வைத்துத் தைப்பதாக ஏற்பாடு. காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார்.

"நான் பொறந்தப்ப தொப்புள்ல பத்து நாள் ரத்தம் கசிஞ்சுதாம். தேறமாட்டேன்னு தொட்டில்கூட வாங்கலையாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உறைந்த ரத்தம் நிலைக்காமல் கரைந்துபோகும் அபூர்வக் கோளாறுக்குத் தொப்புள் கசிவுதான் முதல் அடையாளம் என்று எப்போதோ படித்திருந்தேன்.

எங்கள் கூடத்தில் ரத்தம் உறைந்ததும் கடிகாரத்தை நிறுத்துவோம், நேரத்தை எழுதுவோம், குழாயைக் குப்பையில் போடுவோம். உறைந்தது அப்புறம் என்ன ஆகிறது என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் மூன்று முறை அப்படித்தான் வீசியிருக்கிறேன்.

இந்த முறை வீசவில்லை. அவர் ரத்தத்தில் உறைந்த கட்டியை ஒரு குழாயிலும், என்னுடையதை இன்னொன்றிலும், இறுகாத கட்டியைக் கரைத்துவிடும் யூரியா கரைசலில் போட்டு வைத்தேன். எங்கள் மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மீன் வளக்கறியா?"

"உறைஞ்சது அப்படியே நிக்குதான்னு பாக்கறேன் சார். பசை போட்டு ஒட்டியாச்சு, ஆணி அடிச்சிருக்கான்னு தெரியணும்."

அவர் சிரிப்பு நின்றது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் சேர்ந்து புண்ணின் மேல் ஒரு வலை பின்னுகின்றன. கடைசியாக வரும் பதிமூன்றாவது புரதம் அந்த இழைகளை இறுக்கிக் கட்டுகிறது. அது இல்லாவிட்டால் வலை சீக்கிரமே பிரிந்துவிடும். புதுச்சதை பற்றி ஏற இடமிருக்காது. அப்படிப்பட்ட உடம்பில் கத்தி வைத்தால் ஒரு புண் இரண்டாகும், இரண்டும் நிற்காமல் கசியும்.

ஒன்பதரைக்கு மாமாவின் கட்டி ஓரத்தில் மங்கியது. பத்து மணிக்குப் பாதியாகிவிட்டது. நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவேயில்லை. பத்து இருபதுக்கு அவர் குழாயில் வெறும் நீர். என் கட்டியோ போட்டது போட்டபடி கிடந்தது. வயதை மறந்து குதித்தேன். மேலதிகாரி என்னை முந்திக்கொண்டு போனை எடுத்தார்.

"தியேட்டரா? அந்தக் கை கேஸ நிறுத்துங்க. டாக்டர்கிட்ட நான் பேசணும்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மூன்று மாடி ஓடினேன். பச்சை அங்கியோடு தள்ளுவண்டியில் படுத்திருந்த மாமாவிடம் மூச்சிரைக்கக் கொட்டினேன்.

"வெட்டவேண்டாம் மாமா. உங்க ரத்தத்துல ஒரு புரதம் குறையுது, எவ்வளவுன்னு பாக்க இன்னொரு டெஸ்ட் இருக்கு. அப்புறம் அந்தப் புரதத்த ஊசியா ஏத்துவாங்க, புண்ணு ஆறிடும். நீங்க பட்டறைக்கே போகலாம்."

அவர் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் திருட்டுத்தனமா வேலைக்குப் போகலேன்னு இப்ப நம்பறியா?"

"நம்பறேன் மாமா."

"அஞ்சு மாசமா நானும் அதத்தாம்மா சொன்னேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாய்ப் பொங்க, வராந்தாவில் எல்லாரும் பார்க்க அழுதேன்.