கிஷோர் பேருக்கு எடுத்த கார்டு

புது வருஷத்து முதல் நாள் காலை ஆராதனையில் பாஸ்டர் வாக்குத்தத்தப் பெட்டியைத் திறந்ததுமே கண்ணம்மாவுக்குப் போன வருஷம் நினைவுக்கு வந்துவிட்டது. அயனம்பாக்கம் ஏரிக்கரை ஓரமாகத் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு அது. வருஷம் பிறந்தால் ஆளுக்கொரு கார்டு எடுப்பார்கள். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க அவர்களுக்கான வாக்கு. ஒரு பேருக்கு ஒருமுறைதான் கை விடலாம், வந்ததை மாற்றக் கூடாது. வராதவர்களுக்காக மற்றவர்கள் பேர் சொல்லி எடுக்கலாம்.

கண்ணம்மா தனக்கு எடுத்தாள், புருஷன் ஜெயராமனுக்கு எடுத்தாள், மகன் ஜஸ்டினுக்கு எடுத்தாள். நாலாவது ஒன்று பாக்கி. பக்கத்து வீட்டு நாகவல்லி நேற்றே சொல்லியிருந்தாள், பிரசவத்துக்கு வந்திருக்கும் தன் மகள் நிஷா பேருக்கு ஒன்று எடுத்துவரச் சொல்லி. நிஷாவுக்கு இது ஒன்பதாம் மாசம். ஆனால் கை பெட்டிக்குள் போனால்தானே? பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கவும் கண்ணம்மா எடுக்காமலே நகர்ந்துவிட்டாள்.

போன வருஷமும் இதே பெட்டிதான், இதே கைதான். அன்றைக்கும் நாகவல்லி ஒரு கார்டு கேட்டிருந்தாள், மகன் கிஷோருக்காக. வெள்ளிக்கிழமை தவறாமல் திருவேற்காட்டு அம்மன் வாசலில் நிற்கிறவள்தான் அவள். ஆனாலும் பிள்ளைக்கு நல்லதென்றால் எந்த வாசலிலும் கை நீட்டுவாள். அதில் என்ன தப்பு? கிஷோரும் ஜஸ்டினும் ஒரே தெருவில் புழுதி தின்று வளர்ந்தவர்கள். ஒரே அம்பத்தூர் கம்பெனியில் வேறு வேறு ஷிப்ட், ஆளுக்கொரு பைக்.

ஜஸ்டின் பேருக்கு வந்தது துக்கப்படுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லும் வசனம். படித்ததும் கண்ணம்மாவுக்குச் சுரீர் என்றது. ஆறுதல் எதற்கு வரும், துக்கம் வந்தால்தானே? கிஷோர் பேருக்கு வந்ததோ, வெளியே போனவனைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும் வசனம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் கேட்கவா வேண்டும்! ஏரிக்கரைத் திருப்பத்தில், யாரும் பார்க்காத இடத்தில், இரண்டையும் மாற்றிவிட்டாள் புண்ணியவதி.

நாகவல்லிக்கு எழுத்து தெரியாது. இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். பத்திரமாக வீடு வந்து சேருவானாம் என்று கண்ணம்மா கண் இமைக்காமல் சொன்னாள். நாகவல்லி அந்தக் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகனின் பைக் பெட்டிக்குள் வைத்தாள். ஆடி மாசம் வானகரம் ரோட்டில் தண்ணீர் லாரி கிஷோரை அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வேலையில்லாமல் போயிற்று. அவனுக்கு இருபத்து நாலு வயசு.

ஒரு துண்டு அட்டை லாரியை நிறுத்திவிடுமா? நிறுத்தாது என்று கண்ணம்மாவுக்கும் தெரியும். ஜெயராமனிடம் சொல்லி அழுதபோது அவரும் அதையேதான் சொன்னார். புத்திக்குத் தெரிந்து என்ன, வயிற்றுக்குத் தெரியவில்லையே. ஐந்து மாசமாக நாகவல்லியின் முகத்தைப் பார்த்துச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இன்று விடியற்காலை, முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய ஜஸ்டினின் பர்சிலிருந்து, கிஷோருக்கு வந்த அந்தப் பழைய கார்டை உருவிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். அவன் அது இல்லாமல் ரோட்டில் போயிருக்கிறானே என்று அதற்கும் ஒரு பக்கம் பயமாக இருந்தது.

மூன்று மணிவாக்கில் நாகவல்லி வீட்டுக்குப் போனாள். தெருவெல்லாம் கலர்க் கோலம், அந்த வாசல் மட்டும் வெறுமனே தண்ணீர் தெளித்துக் கிடந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை ஏது? நாகவல்லி வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிஷா உள்ளே தூங்கினாள்.

"எடுத்துகினு வந்தியாக்கா?" என்று நாகவல்லி முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினாள்.

எடுக்கவில்லை என்றாள் கண்ணம்மா. நாகவல்லி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"கிஷோருக்குப் பலிக்கலன்னு பயந்துகினியா? அதுல இன்னா எழுதிகீதுன்னு எனக்குத் தெரியும்க்கா. நிஷா அன்னிக்கு ஊட்டுக்கு வந்தப்பவே படிச்சிட்டா. ஆறுதல்னுதான் போட்டிருந்திச்சாம். என் வயிறு குளிரணும்னு நீதான் நல்லதா சொல்லிகீற. கூடப் பொறந்தவகூட அப்டி செய்ய மாட்டா."

கார்டு சரியாகத்தான் சொன்னது என்றாள் நாகவல்லி. துக்கம் வரும் என்று முன்கூட்டியே சொன்ன பெட்டி பொய் சொல்லாது, அதனால்தான் நிஷாவுக்கும் அதிலேயே கேட்டேன் என்றாள்.

கண்ணம்மா அப்படியே கிளம்பி வந்திருக்கலாம். சாகும்வரை நல்லவள் என்ற பேரோடு இருந்திருக்கலாம். ஆனால் இன்னொரு பிள்ளை பிறக்கப்போகிறது, அதற்கும் இந்தப் பொய்யின் மேலேயே கார்டு எடுத்துத் தர அவளால் முடியவில்லை.

"கிஷோருக்கு வந்தது நான் வாயால சொன்ன கார்டுதான், வல்லி. அதை ஜஸ்டினுக்கு வச்சிகினு, அவனுக்கு வந்ததை உன்கிட்ட குடுத்துட்டேன்."

நாகவல்லி கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடக் கண்ணம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கார்டு எங்கே என்று கேட்டாள். கண்ணம்மா கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"படி."

படித்தாள். திரும்பப் படிக்கச் சொன்னாள். மறுபடியும் படித்தாள்.

"எம்புள்ள பேரு சேர்த்துப் படிக்கா."

கண்ணம்மா கிஷோர் பேரைச் சேர்த்துப் படித்தாள். நிறுத்தி நிறுத்தித்தான் படித்து முடித்தாள். நாகவல்லி கார்டை வாங்கி, போன வருஷம் செய்தது போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. இரண்டு பேருமே சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். ஜஸ்டின் வந்து, பக்கத்து வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் வீட்டுக்குள் போகும்வரை நாகவல்லி வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்தாள். பிறகு கார்டைக் கண்ணம்மாவின் கையிலேயே வைத்து அழுத்தினாள்.

"அவன்கிட்டயே குடுத்துடு. ஊடு வந்து சேர்றவன்கிட்டயே இருக்கட்டும்."

கண்ணம்மா அவள் காலைத் தொடப்போனாள். நாகவல்லி காலை இழுத்துக்கொண்டு, முறத்தோடு எழுந்தாள்.

"நிஷாவுக்கு ஞாயித்துக்கிழமை நானே வந்து கை விட்டு எடுத்துக்கறேன். எது வந்தாலும் அது எங்களோடது. இனிமே என் புள்ளைங்களுக்கு நீ எதையும் எடுத்துகினு வராதக்கா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.