அண்ணனும் தங்கையும் பேசும் பக்கம்

டென்வரிலிருந்து தபாலில் வந்த கட்டுக்குள் முந்நூறு தாள்கள் இருந்தன. கதையில் அரப்பஹோ வழக்கங்களில் தப்பு இருந்தால் பென்சிலால் குறித்து அனுப்பும்படி மேலே ஒரு கடிதம். போன வருடம் அரப்பஹோ பழங்குடியினரின் ஊரான ஈதெட்டிக்கு வந்து, டெல்ஃபினின் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போன துப்பறியும் கதை எழுத்தாளர்தான் அனுப்பியிருந்தார். பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டெல்ஃபின், அன்று அந்த அம்மாள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருந்தாள். அண்ணன் மெர்வின் ஆற்றங்கரையில் செத்துக் கிடந்ததையும், செய்தது யாரென்று இன்றுவரை தெரியாததையும் சொல்லியிருந்தாள். இப்போது அவன் வேறு பெயரில் இந்தக் கதைக்குள் செத்துக் கிடந்தான்.

மெர்வினின் மனைவி ஆர்டித் எதிரே உட்கார்ந்து, படித்து முடித்த தாள்களை வாங்கிப் புரட்டினாள். அரப்பஹோ வீடுகளில் அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் இருந்தால்தான் ஊர் சந்தேகப்படும்.

“ஏ நாத்தனாரே, பக்கத்துக்குப் பக்கம் மேளம் அடிக்கிறாங்க. இவங்களுக்குத் தூக்கமே கிடையாதா?”

“உன் குறட்டைக்கு மேளம் தேவலை அண்ணி.”

“நூறு பக்கம் தாண்டிட்டேன். வந்தவனுக்கு ஒருத்தியும் ஒரு கிண்ணம் சூப் ஊத்தல. துக்க வீட்டுலகூட அடுப்பு எரியல. எல்லாரும் மலையைப் பாத்துக்கிட்டே நிக்கிறாங்க.”

“பசி மயக்கமா இருக்கும்.”

“போலீஸ் பத்து நிமிஷத்துல வந்து நிக்கிறான். அதைக் குறிச்சியா?”

“வழக்கத்தைத்தானே குறிக்கச் சொன்னாங்க. அது அதிசயம்.”

சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்த டெல்ஃபின் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

கதையில், சாவதற்கு முந்தின மாலை, அண்ணன் தங்கை வீட்டுக்கு வருகிறான். வீட்டில் வேறு யாருமில்லை. தங்கை அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்கிறாள். தான் யாருக்குப் பயப்படுகிறான் என்று அவன் சொல்கிறான். அந்தப் பெயரை வைத்துத்தான் கடைசியில் கொலைகாரன் அகப்படுகிறான்.

அப்பட்டமான தப்பு. அரப்பஹோ வழக்கத்தில் வயதுக்கு வந்தபின் அண்ணனும் தங்கையும் தனியாக இருந்து பேசுவதில்லை, முகத்துக்கு நேரே பார்ப்பதுமில்லை. அதுதான் மரியாதை. அன்பெல்லாம் அதற்குள்தான். மெர்வின் தங்கையிடம் சொல்ல வேண்டியதை எப்போதும் நடுவில் ஓர் ஆளை வைத்தே சொன்னான். கல்யாணத்துக்குப் பின் அந்த ஆள் ஆர்டித்.

எழுத்தாளரிடம் டெல்ஃபின் சொல்லாத ஒன்று உண்டு. மெர்வினும் கடைசி மாலை வந்தான். அவளும் தனியாகத்தான் இருந்தாள். விறகைப் பிளந்து அடுக்கிய பிறகும் அவன் போகாமல் வண்டியருகே நின்றான். அப்படி ஒரு நாளும் நின்றதில்லை. அவள் சூப்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் ஆற்றங்கரையிலிருந்து சேதி வந்தது.

ஆர்டித் தாளை இழுத்துப் படித்தாள். டெல்ஃபின் அந்த மாலையைப் பற்றிச் சொல்லியிருந்தது அவளிடம் மட்டும்தான்.

“அன்னிக்கு நான் காலையிலேயே ரிவர்டனுக்கு பிங்கோ ஆடப் போயிட்டேன்” என்றாள் மெதுவாக. “நான் இருந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு.”

பிறகு அந்தத் தாளைச் சுட்டிக் காட்டினாள்.

“இது தப்புதானே?”

“தப்புதான்.”

“அப்ப எழுது.”

டெல்ஃபின் எழுதாமல் பென்சிலைப் பிடித்தபடியே இருந்தாள். ஆர்டித் பென்சிலைப் பிடுங்கி ஓரத்தில் தானே எழுதினாள்: எங்களில் எந்தத் தங்கையும் இப்படிக் கேட்கமாட்டாள்.

“படிச்சுப் பாரு. எவளும் கேட்டிருக்க மாட்டா. உன் மேல ஒரு குத்தமும் இல்ல.”

டெல்ஃபின் படித்தாள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் அவளைத் தாங்கவிடாமல் செய்தது. இத்தனை காலம் அடக்கியிருந்த அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

“முதுகைக் காட்டிக்கிட்டாவது கேட்டிருக்கலாம் அண்ணி” என்றாள்.